ஒரே அப்டேட், நாலு சேதி

எங்கள் அலுவலகத்தில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரத்தில் ஒட்டுப்போட்டு ஓட்டிய பதிப்பை, மூன்று மாதம் உட்கார்ந்து ஒழுங்காகத் திருத்தி, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிய பதிப்பாக வெளியிட்டோம். தீபாவளி நெருக்கத்தில் ஜவுளிக்கடையில் ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றக்கூடாது என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அறிவிப்பு எழுதும் வேலை என்னுடையது. புரோகிராமர்கள் கொடுத்த பட்டியலை வாங்கி, கொஞ்சம் மெருகேற்றி, இருபத்திரண்டு வரியில் ஒரு மின்னஞ்சலாக எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். முதல் வரி, டேட்டாபேஸ் புதிய கட்டமைப்புக்கு மாறிவிட்டது. இரண்டாவது, அறிக்கைகள் வேகமாக வரும். பதினெட்டாவது வரி: 'விசைப்பலகைக் குறுக்குவழிகள் சீரமைக்கப்பட்டுள்ளன.'

இரண்டு நாள் கழித்துக் காலை பத்தரை மணிக்கு ஒரு கடையிலிருந்து போன். பில் போடும் அக்கா. "தம்பி, எஃப் 6 அமுக்குனா பில்லு பிரிண்ட் ஆகும்ல? இப்ப அமுக்குனா போட்ட பில்லே காணாமப் போகுது. வரிசையில முப்பது பேர் நிக்கிறாங்க."

பில் காணாமல் போகவில்லை. புதிய பதிப்பில் எஃப் 6 என்றால் 'பில்லை ஹோல்டில் வை'. பிரிண்ட், எஃப் 8க்குப் போய்விட்டது. மத்தியானம் பார்த்தபோது அந்தக் கடையில் மட்டும் நாற்பத்தொரு பில் ஹோல்டில் கிடந்தது. என் மின்னஞ்சலில் ஒரு பொய்கூட இல்லை. அந்த அக்காவுக்குத் தேவையான ஒரே சேதி பதினெட்டாவது வரியில், அதுவும் 'சீரமைக்கப்பட்டுள்ளன' என்ற முகமூடி போட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மின்னஞ்சல் போனது முதலாளிக்கு. அக்காவுக்கு மின்னஞ்சலே கிடையாது.

புதிய பதிப்பின் அம்சங்களை வெவ்வேறு ஆட்களிடம் கொண்டுசேர்ப்பது என்ற வேலையை நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அந்த போனில்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

இருப்புப் பலகையும் என் கார்டும்

ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை இருக்கும். அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, பாமாயில் இவ்வளவு என்று எழுதியிருக்கும். வரிசையில் நிற்பவர் அதைப் படித்துவிட்டும் ஒரு கேள்வி கேட்பார்: "என் கார்டுக்கு எவ்வளவு?"

ரிலீஸ் நோட்ஸ் என்பது இருப்புப் பலகை. அந்தப் பதிப்பில் என்னென்ன புதிது, என்ன மாறியது, எந்தப் பிழை சரியானது என்பதன் முழுப்பட்டியல். அது கட்டாயம் வேண்டும். ஒன்றையும் விடாமல் எழுதவும் வேண்டும். ஆனால் யாரும் அதைப் படித்துவிட்டு "அட, அப்டேட் பண்ணிடலாமே" என்று கிளம்புவதில்லை. அவர்களைக் கிளப்புவது 'உங்கள் கார்டுக்கு இது' என்று எடுத்துச் சொல்லும் சேதி. அது ஆளுக்கு ஆள் மாறும். பலகை ஒன்று, கார்டுகள் பல.

இங்கே புதியவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். ஆட்களை வயது, ஊர், படிப்பு என்று பிரிக்க ஆரம்பிப்பார்கள். மென்பொருள் விஷயத்தில் அதனால் பெரிதாகப் பயனில்லை. அந்த மென்பொருளோடு ஒருவருக்கு இருக்கும் கொடுக்கல் வாங்கல் என்ன என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் அதில் விரல் வைத்திருப்பவர், அதற்குக் காசு கொடுப்பவர், அதை ஐம்பது கம்ப்யூட்டரில் நிறுவிப் பராமரிப்பவர், அதன்மேல் வேறொன்றைக் கட்டிப் பிழைப்பவர் என்று நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஃபயர்பாக்ஸ் 57

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், எங்கள் கூத்து நடந்த அதே ஆண்டில் வந்த ஒரு உலாவிப் பதிப்பு. ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லா அமைப்பின் ஃபயர்பாக்ஸ் 57, 2017 நவம்பர் 14ஆம் தேதி வெளியானது. 'குவாண்டம்' என்று தனிப்பெயரே வைத்தார்கள். 2004இல் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்ததற்குப் பிறகு இதுதான் பெரிய மாற்றம் என்று அவர்களே சொன்னார்கள். குரோம் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஃபயர்பாக்ஸ் மெதுவானது என்ற பேச்சு நிலைத்துவிட்டிருந்தது.

பொதுமக்களுக்கு அவர்கள் சொன்னது ரொம்பச் சுருக்கம். ஆறு மாதத்துக்கு முந்தைய ஃபயர்பாக்ஸைவிட இரண்டு மடங்கு வேகம். குரோமைவிடச் சுமார் 30% குறைவான நினைவகம் போதும். இரண்டே எண்கள், அதோடு புதிய தோற்றம். உள்ளே என்ன எஞ்சின், எந்த மொழியில் எழுதியது என்றெல்லாம் முன்னால் நீட்டவில்லை. வேகத்தை எதனுடன் ஒப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்: தங்களுடைய பழைய பதிப்புடன். 'இரண்டு மடங்கு' என்று யார் சொன்னாலும், எதைவிட என்று அதே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. நாம் எழுதும்போதும் அப்படித்தான்.

அதே வேகத்தை இணையதளம் கட்டுபவர்களிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. 'வேகம்' என்ற வெறும் சொல்லை டெவலப்பர்கள் நம்ப மாட்டார்கள், "எப்படி?" என்பார்கள். பக்கத்தில் எந்த எழுத்து எந்த நிறம், எந்தப் பெட்டி எவ்வளவு அகலம் என்று கணக்குப் போடும் சி.எஸ்.எஸ். எஞ்சினை மாற்றியிருந்தார்கள். முன்பு அந்தக் கணக்கை பிராசசரின் ஒரு கோர் மட்டும் போட்டுக்கொண்டிருக்க, மற்ற கோர்கள் வேடிக்கை பார்த்தன. ஸ்டைலோ என்ற புதிய எஞ்சின் அந்த வேலையை எல்லா கோர்களுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தது. ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்பட்டு, செர்வோ என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வந்தது. டெவலப்பருக்கு இது பலகாரம் மாதிரி. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதையே சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். டெவலப்பர்களுக்கென்று அந்தப் பதிப்பின் மாற்றங்களைத் தனிப்பக்கமாகவே போட்டிருந்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்த விவரம் இன்னொரு தனிப்பக்கம். ஒரே வீடு, வாசல்கள் வேறு வேறு.

பெரிய அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பராமரிப்பவர்களுக்கு வேகம் இரண்டாம் பட்சம். "திங்கட்கிழமை காலை ஏதாவது உடையுமா?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. அவர்களுக்காக ஈ.எஸ்.ஆர். என்ற நீண்டகாலப் பதிப்பு இருக்கிறது. அப்போது ஈ.எஸ்.ஆர். 52 ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருப்பவர்கள் 57இன் கொந்தளிப்பைத் தொடாமல், 2018 மே மாதம் 60 வந்த பிறகு நிதானமாக மாறிக்கொள்ளலாம். அந்த 60இல், விண்டோஸின் குரூப் பாலிசி (அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து விதி போடும் முறை) வழியாக உலாவியைக் கட்டுப்படுத்தும் வசதியும் வந்தது. நிர்வாகிகளுக்கு அதுதான் பெரிய சேதி. வீட்டில் உலாவி பயன்படுத்தும் ஒருவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரிந்திருக்காது. தெரிய வேண்டியதும் இல்லை.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 57 கிடையவே கிடையாது. அவர்களையும் ஈ.எஸ்.ஆர். 52க்கே நகர்த்திவிட்டார்கள்.

இழப்பவரிடம் முதலில்

இதுவரை சொன்னது எளிய பகுதி. நல்ல சேதியை நாலு விதமாகச் சொல்ல யாருக்கும் வந்துவிடும். 57இல் ஒரு கெட்ட சேதியும் இருந்தது. அதைச் சொன்ன விதத்தில்தான் பாடம் இருக்கிறது.

ஃபயர்பாக்ஸின் பழைய வகை நீட்சிகள், அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள், எல்லாம் 57இல் வேலை செய்யாது. பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்து உலாவியைச் செதுக்கி வைத்திருந்தவர்கள், வேறு எங்கும் கிடைக்காத நீட்சிகளுக்காகவே ஃபயர்பாக்ஸில் தங்கியிருந்தவர்கள், அத்தனை பேருக்கும் வேலைமேசையைக் கவிழ்த்த மாதிரி. பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்புகளுக்குள் நேரடியாகக் கைவிட்டு வேலை செய்தன. அதனால் உள்ளே எதையும் மாற்ற முடியாமல் இருந்தது. வேகம் வேண்டுமென்றால் அந்தக் கையை எடுக்கத்தான் வேண்டும். பொதுமக்களுக்கான 'இரண்டு மடங்கு வேகம்' என்ற சேதியும் இவர்களுக்கான 'உங்கள் நீட்சி போய்விட்டது' என்ற சேதியும் ஒரே காசின் இரு பக்கம்.

நீட்சி எழுதும் டெவலப்பர்களிடம் மொஸில்லா இதை 2015 ஆகஸ்டிலேயே சொல்ல ஆரம்பித்தது. 2017 முடிவுக்குள் பழையது நின்றுவிடும் என்று 2016இல் கெடு சொன்னது. பயனர்களுக்கு 57 வருவதற்கு முன்பே நீட்சிகள் பக்கத்தில், எது பழைய வகையோ அதன் பெயருக்கு அருகே மஞ்சள் பட்டை ஒட்டிவிட்டார்கள். 57 வந்ததும் நின்றுபோனவை தனிப் பகுதிக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு மாற்றாக வேறொன்றைத் தேடித்தரும் பொத்தான். அறிவிப்பு எழுதுகிற யாரும் அந்தப் பொத்தானைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் வார்த்தை விளக்கம் எழுதுவதைவிட, இழப்பு நடக்கும் அதே இடத்தில், இழப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

அப்படியும் திட்டு விழாமல் இல்லை. இணையப் பக்கங்களில் ஸ்கிரிப்டுகள் ஓடாமல் தடுக்கும் நோஸ்கிரிப்ட் மாதிரி பெயர்பெற்ற நீட்சியே 57 வந்து சில நாள் கழித்துத்தான் புதிய வடிவத்தில் வந்தது. அந்தச் சில நாட்களில் அதை நம்பியிருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்னால் சொல்லியும் இந்தக் கதி என்றால், பதினெட்டாவது வரியில் சொன்ன என் கதியைக் கேட்க வேண்டுமா?

இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. யாருக்கு அதிக வேலை வைக்கப்போகிறோமோ அவரிடம் முதலில் பேச வேண்டும். யாருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லையோ அவரிடம் வெளியீட்டு நாளில் சொன்னால் போதும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். பட்டாசு முதலில், எச்சரிக்கை கடைசியில்.

57இல் எனக்கு மிகவும் பிடித்த சேதி இன்னொன்று. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஜாஸ் என்ற திரை வாசிப்பானோடு புதிய பதிப்பு சரியாக ஒத்துப்போகவில்லை. ஜாஸ் பயன்படுத்துவோர் இப்போதைக்கு ஈ.எஸ்.ஆர். 52க்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மொஸில்லாவின் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது. பதின்மூன்று வருடத்தின் மிகப் பெரிய வெளியீட்டுக்கு மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள் இதை எடுக்காதீர்கள்' என்று சொல்வதற்கு மனசு வேண்டும். அந்தக் குறை இருந்தது வருத்தம்தான். ஆனால் மறைத்திருந்தால் இன்னும் மோசம்.

அதே மொஸில்லா அடுத்த மாதமே சறுக்கியது. 2017 டிசம்பரில், ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்காக 'லுக்கிங் கிளாஸ்' என்ற நீட்சியைக் கேட்காமல் கொள்ளாமல் பலருடைய உலாவிக்குள் இறக்கிவிட்டார்கள். தொடரைப் பார்க்காதவர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை. வைரஸோ என்று பயந்தார்கள். தனியுரிமையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களே இப்படியா என்று கோபம் கிளம்பியது. மொஸில்லா மன்னிப்புக் கேட்டு, அதை வேண்டியவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றியது. தொடரின் ரசிகர்களுக்கான சிரிப்பை ரசிகர் இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளும் வைத்ததால் வந்த வினை.

எங்கள் கடைக்கணக்குக்கு வருவோம்

இப்போது நான் செய்வது இது. புரோகிராமர்கள் பட்டியல் கொடுத்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுவேன்: அப்டேட் ஆன மறுநாள் காலை, யாருடைய கை எங்கே தடுமாறும், யாருக்கு எது மிச்சம்? பதில் இல்லாத வரி ரிலீஸ் நோட்ஸோடு நின்றுவிடும். அதைத் தாண்டி வெளியே வராது.

ஒரு உதாரணம். ஒரு பதிப்பில், பொருட்களின் எச்.எஸ்.என். குறியீடு (வரிக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண்) வாரியாக விற்பனையைத் தொகுக்கும் வசதி சேர்த்தோம். புரோகிராமர் எழுதிக் கொடுத்தது: 'எச்.எஸ்.என். தொகுப்பு மாட்யூல் சேர்க்கப்பட்டது. ஐட்டம் மாஸ்டரில் எச்.எஸ்.என். கட்டாயப் புலமாக்கப்பட்டது.' ஒரே வரி. அது நாலாகப் பிரிந்தது.

ஆடிட்டர்களுக்கு (ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பது விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. படிவம்): 'ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 12ஆம் அட்டவணைக்கு வேண்டிய எச்.எஸ்.என். சுருக்கத்தை இனி நேரடியாக எக்செலில் எடுக்கலாம். பில்களைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.'

கடை முதலாளிக்கு: 'மாதக் கணக்குக்காக ஆடிட்டர் ஆபீஸிலிருந்து "அந்தப் பொருள் எந்த குரூப்" என்று வரும் போன் குறையும். இதற்காகக் கூடுதல் கட்டணம் இல்லை.' இரண்டாவது வாக்கியத்தை முதலில் போட்டிருக்கலாம். முதலாளிகள் அதைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் டீலர்களுக்கு, அதாவது கடைகளில் போய் நிறுவிக் கொடுப்பவர்களுக்கு: 'அப்டேட் போடுவதற்கு முன் எச்.எஸ்.என். இல்லாத பொருட்களின் பட்டியலை எடுத்து முதலாளியிடம் கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அப்டேட் போட்டால் மறுநாள் உங்களுக்குத்தான் போன் வரும்.'

பில் போடுபவர்களுக்கு, வாட்ஸாப்பில் ஒரு படமும் இரண்டு வரியும்: 'பில் போடும் முறையில் எந்த மாற்றமும் இல்லை. புதுச் சரக்கு என்ட்ரி போடும்போது மட்டும் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் சேவ் ஆகாது. நம்பர் சரக்கு வந்த பில்லிலேயே இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள்.' படத்தில் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

'எந்த மாற்றமும் இல்லை' என்பதும் ஒரு சேதிதான், பாருங்கள். அதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கும். இத்தனை பேர் மூன்று மாதம் உழைத்ததை ஒன்றுமில்லை என்று சொல்வதா என்று புரோகிராமர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் விரலுக்குப் பழகிய வேலையைச் செய்பவருக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

எப்போது சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, வரி கட்டும் சுருக்கப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-3பிக்கு 20ஆம் தேதி. அந்த நாட்களை ஒட்டி ஆடிட்டருக்கு எது அனுப்பினாலும் படிக்க ஆள் இல்லை. ஜவுளிக்கடைக்கு ஆடியும் தீபாவளியும் ஆகாது. மளிகைக்கடைக்கு மாதத்தின் முதல் வாரம் ஆகாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அடிக்கடி விட்டுப்போவது அதுதான்: நம் அலுவலகத்திலேயே போன் எடுப்பவர்கள். அன்று அந்த அக்கா முதலில் பேசியது எங்கள் சப்போர்ட் பையனிடம். எஃப் 6 மாறியது அவனுக்கே தெரியாது. "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றிருக்கிறான். அதற்குப் பிறகுதான் என் நம்பருக்கு வந்தார். இப்போதெல்லாம் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் சப்போர்ட் ஆட்களை உட்காரவைத்து, என்னென்ன கேட்டு போன் வரும் என்று அவர்களையே எழுதச் சொல்கிறோம். அவர்கள் எழுதும் பட்டியல் எப்போதும் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. வாடிக்கையாளர் எந்த வார்த்தையில் கேட்பார் என்பதும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. 'குறுக்குவழிகள்' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், 'எஃப் 6' என்றுதான் சொல்வார்கள்.

எஃப் 6ஐ நாலாம் நாளே பழையபடி பிரிண்டுக்கு மாற்றிவிட்டோம். அதற்கும் ஒரு சேதி எழுத வேண்டியிருந்தது. இந்த முறை முதலாளிக்கு அனுப்பவில்லை. கடைக்கே போன் போட்டு, பில் போடும் அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப எஃப் 8ன்னு நான் கீபோர்டுல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேனே, அதைப் பிச்சிரவா?" என்றார்.